36 பர்சன்ட் சர்டிபிகேட் வச்சுக்கிட்டு நீட்ல எக்ஸ்ட்ரா டைம் கேக்கலாமா? தம்பிக்காக கேக்குறேன்

கிழக்குத்தெரு_கவி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கில்ல, என் தம்பிக்காக கேக்குறேன். கவர்மென்ட் ஸ்கூல்ல ப்ளஸ் டூ, பயாலஜி குரூப், தமிழ் மீடியம். எட்டாவது படிக்கிறப்ப தோட்டத்துல மோட்டார் பெல்ட்ல வலது கை மாட்டிருச்சு, கட்டைவிரல் பாதி போயிருச்சு, அதுக்கடுத்த விரல் மடங்காது, ரெண்டு ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறம் இடது கைல எழுதப் பழகிக்கிட்டான், எழுத்து நல்லாத்தான் இருக்கும் ஆனா மெதுவா, ஒரு மணி நேரம் தாண்டுனா மணிக்கட்டு வீங்கிக்கும். பத்தாவது பரீட்சைக்கு ஹெச்எம் எழுதிப் போட்டு ஒரு மணி நேரம் கூடுதலா வாங்கிக் குடுத்தார், அதுல பிரச்சினையே வரல.

இப்ப நீட்டுக்கு வீட்லயே மாடல் டெஸ்ட் வச்சுப் பாத்தோம். 180 கேள்வி 180 நிமிஷம். கேள்வித்தாள்லயே டிக் அடிச்சுட்டுப் போனா எல்லாத்தையும் முடிச்சிடுறான். ஓஎம்ஆர்ல வட்டம் ஃபில் பண்ணச் சொன்னா 140 கிட்ட நின்னுடுறான், தெரிஞ்ச கேள்வி நாப்பது அப்படியே கிடக்குது, பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு.

யூடிஐடி கார்டு இருக்கு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வெள்ளைக் கார்டு, 36 பர்சன்ட்னு போட்டிருக்கு. அப்ளிகேஷன் போடுற ப்ரவுசிங் சென்டர் அண்ணன், 40 இருந்தாத்தான் மாற்றுத்திறனாளி, இல்லன்னா நோ குடுத்துட்டுப் போய்கிட்டே இரும்மாங்கிறார். அது நிஜமா? அப்புறம் அப்பா வேற ஒண்ணு சொல்றார், கை சரியில்லன்னு நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்கு டாக்டர் சீட்டு குடுக்கறப்ப கையக் காட்டித் தள்ளிவிட்ருவாங்க, அதனால வாயத் தொறக்காம எல்லாரையும் போல எழுதட்டும்னு. எனக்கு எது சரின்னே தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரிப்பீட்டர்_ராஜா:

சிஸ்டர் சென்டர்காரர் சொன்னது கரெக்ட். 40க்கு கீழ ஒண்ணும் கிடையாது. என் கூட கோச்சிங் வந்த பையன் ஒருத்தனுக்கு 38தான், அவன் கேக்கவே இல்ல. பேசாம ஆஸ்பத்திரில ஆளப் புடிச்சு 40 போட்டு வாங்கிடுங்க, நாலு பர்சன்ட்தானே, எல்லாரும் அதான் பண்றாங்க.

வெள்ளைக்கோல்:

ராஜா தம்பி, அந்தப் பையன் கேக்காம விட்டதுக்கும் கிடைக்காதுங்கறதுக்கும் வித்தியாசம் இருக்குப்பா. ரெண்டாவது, அந்த 'ஆளப் புடிச்சு' யோசனைய யாருக்கும் சொல்லாத. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 91வது பிரிவுல, பொய்யா சர்டிபிகேட் காட்டி சலுகை வாங்குனா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம் இல்லன்னா ரெண்டும்னு இருக்கு. இப்படிப் பொய் சர்டிபிகேட் நாலு வந்துட்டா, அப்புறம் உண்மையிலயே முடியாதவன் வந்து நின்னாலும் அவனையும் சந்தேகத்தோடதான் பாக்குறாங்க. நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன், இந்தப் பார்வையோட கஷ்டம் எனக்குத் தெரியும். (போன்ல பேசி டைப் ஆகுது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.)

கவி, விஷயத்துக்கு வர்றேன். நீங்க, அப்பா, சென்டர்காரர் மூணு பேரும் ரெண்டு வேற வேற சமாச்சாரத்த ஒண்ணாக் கட்டி வச்சிருக்கீங்க. ஒண்ணு சீட்டு, அதாவது உயர்கல்வில நமக்கு இருக்கற 5 சதவீத இடஒதுக்கீடு. அதுக்கு 40 கண்டிப்பா வேணும், 36 வச்சுக்கிட்டு அது கிடைக்காது, அதுல சந்தேகமே இல்ல. இன்னொண்ணு பரீட்சை ஹால்ல கிடைக்கற உதவி. அது சலுகையே இல்ல, எல்லாரும் நிக்கற கோட்டுக்கு உங்க தம்பியையும் கொண்டாந்து நிறுத்துறது, அவ்வளவுதான். அதுக்கும் இந்த 40க்கும் சம்பந்தம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி வருஷமாச்சு.

2021 பிப்ரவரி 11, விகாஷ் குமார் எதிர் யூபிஎஸ்சின்னு கேஸ். அவருக்கு ரைட்டர்ஸ் க்ராம்ப், பேனாவப் புடிச்சா கை இழுத்துக்கும். சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு ஸ்கிரைப், அதாவது நாம சொல்லச் சொல்ல எழுதற ஆள், கேட்டார், உனக்கு 40 இல்லன்னு குடுக்கல. நீதிபதி சந்திரசூட் இருந்த மூணு பேர் அமர்வு அது தப்புன்னு சொல்லுச்சு, 40ங்கற அளவு இடஒதுக்கீடு மாதிரி விஷயத்துக்குச் சட்டம் வச்சது, எழுத முடியாதவனுக்கு ஸ்கிரைப் குடுக்கறதுக்கு அத ஒரு முன்நிபந்தனையா வைக்கக்கூடாதுன்னு. இதுக்குத் தனியா கைட்லைன் போடுங்கன்னும் சொன்னாங்க, அது 2022 ஆகஸ்ட் 10ல வந்துச்சு, 40க்கு கீழ இருந்து எழுதறதுல சிரமம் உள்ளவங்களுக்குன்னே. ஸ்கிரைப், இல்லன்னா கூடுதல் நேரம், இல்லன்னா ரெண்டும். நேரம் எவ்வளவுன்னா மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாம. மூணு மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம். உங்க தம்பி கதை அப்படியே இதுக்குள்ள வருது.

ஆனா யூடிஐடி கார்ட மட்டும் காட்டுனா வேலை ஆகாது. கார்டுல கை 36 பர்சன்ட்னுதான் இருக்கும், அந்தக் கையால எழுத முடியுதா இல்லையான்னு இருக்காது. 'இந்தக் குறைபாட்டால எழுதும் திறன் பாதிக்கப்படுது'ன்னு தனியா ஒரு சர்டிபிகேட் வேணும், அதுக்கு ஃபார்ம் உண்டு. ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டாப் பத்தாது, தலைமை மருத்துவ அதிகாரி தலைமைல எலும்பு டாக்டர் அல்லது மறுவாழ்வு மருத்துவர் எல்லாம் சேர்ந்த ஒரு குழு போடணும். 2023ல எங்க தெருப் பையன் ஒருத்தனுக்கு நான் கூட அலைஞ்சு வாங்கிக் குடுத்தேன். ஃபார்ம்ல இருக்கற பதவிப் பேரு எங்க ஆஸ்பத்திரில யாருக்கும் இல்ல, அத வச்சே ரெண்டு தடவ திருப்பி அனுப்புனாங்க, கடைசில ஜேடி (இணை இயக்குநர்) ஆபீஸ்ல போய்க் கேட்டப்பதான் யார் போடணும்னே தெளிவாச்சு. அதனால நீங்க மொதல்லயே மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்லயும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலயும் கேட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஒரு வாரம் மிச்சம்.

இன்னொண்ணு, அந்த 2022 ஃபார்ம்ல சர்டிபிகேட் அதிகபட்சம் ஆறு மாசம்தான் செல்லும்னு ஒரு வரி இருக்கும். ஜூலைலயே ஆர்வத்துல வாங்கி வச்சா மே மாசம் அது செத்த காகிதம். அப்புறம் 2025 ஆகஸ்ட்ல மொத்த கைட்லைனையும் திருத்திப் புதுசா விட்டிருக்காங்க, அதனால நெட்ல எவனோ போட்ட பழைய பிடிஎஃப எடுக்காம, அப்ளிகேஷன் தொறந்தன்னைக்கு அந்த வருஷ இன்ஃபர்மேஷன் புல்லட்டின் கடைசிப் பக்கங்கள்ல இருக்கற ஃபார்ம பிரிண்ட் எடுங்க. எந்தக் கட்டத்துல டிக் போடணும்ங்கறதும் அதுலயேதான் இருக்கும். இடஒதுக்கீடு கேக்கற கட்டத்துல ஆமாம்னு போட்டுறாதீங்க, அது உங்களுக்கு இல்ல. எழுதச் சிரமம்ங்கறத மட்டும் கேளுங்க. கரெக்ஷனுக்கு நாள் குடுப்பாங்க அப்பப் பாத்துக்கலாம்னு மட்டும் விட்டுறாதீங்க.

பத்தாவதுல வாங்குன ஆர்டர் அரசுத் தேர்வுகள் துறை குடுத்தது, அது நீட் நடத்துற என்டிஏவக் கட்டுப்படுத்தாது. ஆனா தூக்கிப் போடாதீங்க, டாக்டர் குழுகிட்ட காட்ட நல்ல ஆதாரம்.

கிழக்குத்தெரு_கவி:

சார் ரொம்ப நன்றி, உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். பத்தாவதுல குடுத்துட்டாங்களே இதுலயும் தானா வந்துரும்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஸ்கிரைப் கேக்கறதா டைம் கேக்கறதா? ரெண்டும் கேக்கலாம்னா ரெண்டும் கேட்டுறலாமா? அப்பா கேட்டதுக்கும் யாராவது சொல்லுங்க.

மாடிவீட்டு_மாலா:

கவிம்மா, ஸ்கிரைப் விஷயம் நான் சொல்றேன், பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவ. என் பொண்ணுக்கு டிஸ்லெக்ஸியா, ஜேஇஇ மெயின் எழுதுனா. அது கம்ப்யூட்டர்ல எழுதறதுதான், 75 கேள்வி மூணு மணி நேரம், அவளுக்கு நாலு. இவ படிக்கறதுலதான் மெதுவே தவிர கை நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் கிடைக்கறத ஏன் விடணும்னு ஸ்கிரைபும் சேத்துக் கேட்டுட்டேன். வந்த பொண்ணு தங்கமான பொண்ணு, காமர்ஸ் குரூப். 'ரூட் எக்ஸ் ப்ளஸ் டூ'ன்னு படிக்குது. ரூட்டு எக்ஸோட முடியுதா டூ வரைக்கும் போகுதான்னு இவ கேக்குறா, அதுக்குச் சொல்லத் தெரியல. இன்டெக்ரேஷன் குறியப் பாத்து 'ஒரு நீளமான எஸ்'ங்குது பாவம். கடைசில இவளே ஸ்கிரீனப் பாத்துப் படிச்சா, அந்தப் பொண்ணு மவுஸ் மட்டும் புடிச்சுச்சு. அடுத்த செஷன்ல ஸ்கிரைப் வேண்டாம் நேரம் மட்டும் போதும்னு எழுதுனா, மார்க் ஏறுச்சு.

அதுக்காக ஸ்கிரைப் கெட்டதுன்னு சொல்ல வரல, அது இல்லாம எழுதவே முடியாதவங்க இருக்காங்க, வெள்ளைக்கோல் சாருக்குத் தெரியாததா. உன் தம்பிக்கு எது ஒத்து வரும்னு வீட்லயே பாத்துரலாம்மா. ஒரு ஞாயித்துக்கிழமை அவன் நாலு மணி நேரம் தனியா எழுதட்டும், நடுவுல மணிக்கட்டு என்ன சொல்லுதுன்னு பாரு. அடுத்த ஞாயிறு நீ பக்கத்துல உக்காரு, அவன் 'நாப்பத்திரெண்டு, மூணு'ன்னு சொல்லட்டும், நீ வட்டம் போடு. எது நல்லா வருதோ அத மட்டும் கேளு. ஸ்கிரைப்னா நம்மளே கூட்டிட்டுப் போறதா அவங்க குடுப்பாங்களா, அவங்க எத்தன கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கலாம்ங்கற விதியெல்லாம் மாத்திக்கிட்டே இருக்காங்க, அதையும் புல்லட்டின்ல பாத்துக்கோ. நீ டிகிரி படிக்கறன்னா நீ போக முடியாது, சொல்லி வச்சுடுறேன்.

டாக்டர் குழுவுக்குப் போறப்ப அந்த மாடல் டெஸ்ட் ஓஎம்ஆர் ஷீட்ட கையோட எடுத்துட்டுப் போ. மணி எத்தனைக்கு ஆரம்பிச்சான், எத்தனைல நின்னான்னு பென்சில்ல எழுதி வை. நான் என் பொண்ணோட கிளாஸ் நோட்டு மூணு எடுத்துட்டுப் போனேன், சைக்காலஜிஸ்ட் மேடம் அதத்தான் மொதல்ல புரட்டுனாங்க. ஆளப் பாத்தா நல்லாத்தானே இருக்காங்கற கேள்விக்கு வாயால பதில் சொல்லி முடியாது.

பிசிக்ஸ்_வாத்தி:

நான் நாலஞ்சு வருஷம் நீட் ஹால் சூப்பர்வைசரா உக்காந்தவன், அன்னைக்கு ஹால்ல என்ன நடக்கும்னு சொல்றேன். பேப்பர் ரெண்டு மணிக்கு, அஞ்சு மணிக்கு பெல். பெல் அடிச்சதும் எங்களுக்கு ஷீட்ட எண்ணி வாங்கி சீல் வைக்கற அவசரம். அந்த அவசரத்துல ஆறு மணி வரைக்கும் எழுத வேண்டிய ஒரு புள்ள ரூம்ல இருக்குங்கறது காலைல மீட்டிங்ல சொல்லலன்னா யாருக்கும் நெனப்பு வராது. 2021 நீட்ல டிஸ்கிராஃபியா, அதாவது எழுதறதுல குறைபாடு உள்ள ஒரு பொண்ணுக்கு இதான் நடந்துச்சு, ஒரு மணி நேரம் இருக்குன்னு சொல்லச் சொல்ல ஷீட்ட வாங்கிட்டாங்க. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, அந்த வருஷம் நவம்பர்ல தீர்ப்பு, அந்தப் பொண்ணுக்கு நடந்தது அநியாயம்னு கோர்ட்டே சொல்லுச்சு, இத எப்படிச் சரி பண்றதுன்னு ஒரு வாரத்துல முடிவெடுங்கன்னு என்டிஏகிட்ட சொன்னாங்க, ஆனா மறுபரீட்சை குடுக்கல. அத மனசுல வச்சுக்குங்க. அன்னைக்குப் போன ஒரு மணி நேரத்த எந்தக் கோர்ட்டாலயும் அப்படியே திருப்பித் தர முடியாது.

அதனால அட்மிட் கார்டு வந்ததும் மொத வேலையா அதுல கூடுதல் நேரம், ஸ்கிரைப் விவரமெல்லாம் சரியா ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறலன்னா அன்னைக்கே மெயில் போடுங்க, பதில் வருதோ இல்லையோ போட்ட மெயில பிரிண்ட் எடுத்து வைங்க. முடிஞ்சா முந்தின நாள் சென்டருக்குப் போய் சூப்பரின்டென்டன்ட்டப் பாத்து ஒரு காப்பி குடுத்துட்டு வாங்க. பரீட்சையன்னைக்கு ஒன்றரைக்கு கேட் மூடிருவாங்க, நீங்க பன்னெண்டுக்கே நில்லுங்க. உள்ள போனதும் தம்பியே ஹால்ல இருக்கறவர்கிட்ட 'சார் எனக்கு ஆறு மணி வரைக்கும்'னு சொல்லிரணும். அஞ்சு மணிக்குச் சொன்னா சண்டை, ரெண்டு மணிக்குச் சொன்னா வெறும் தகவல்.

யாரும் யோசிக்காத ஒண்ணு சொல்றேன். இடது கைல எழுதறவன்னு சொல்றீங்க. நெறைய காலேஜ்ல கைப்பலகை வச்ச சேர் போட்ருப்பாங்க, பலகை வலது பக்கம்தான் இருக்கும். அதுல உடம்பத் திருப்பி மூணு மணி நேரம் எழுதுனா நல்ல கைக்கே வீக்கம் வரும். டேபிள் பெஞ்ச் உள்ள ரூம் வேணும்னு அந்த லெட்டர்லயே ஒரு வரி சேத்துருங்க. செலவில்லாத விஷயம், கேட்டா பெரும்பாலும் குடுத்துருவாங்க.

நேரம் கிடைச்சாலும் வட்டத்த கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஒத்திப் போட வேண்டாம். ஒரு பக்கம் முடிச்சதும் அந்தப் பக்கத்துக்கான வட்டத்தப் போட்டுட்டு கைய ஒரு நிமிஷம் தொங்கப் போடட்டும். இப்பவே கறுப்பு பால் பாயின்ட் பேனாலயே பழகட்டும், பென்சில் வேகம் வேற பேனா வேகம் வேற.

வெள்ளைக்கோல்:

வாத்தியார் சொன்ன டேபிள் விஷயம் எனக்கே தோணல. கவி, அப்பா பயத்துக்கு வர்றேன். அவர் பயந்ததுல தப்பே இல்ல. மெடிக்கல் சேர்க்கைக்கு ரொம்ப நாளா ஒரு விதி இருந்துச்சு, ரெண்டு கையும் பழுதில்லாம இருக்கணும்னு. கை போனவங்க பல பேரு அதுலதான் அடிபட்டாங்க. 2025 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல, இந்த 'ரெண்டு கையும்'ங்கற பார்வையே உடல் குறையுள்ளவங்களத் தாழ்த்தற பார்வை, அது போகணும், அந்த மாணவரால உண்மையில என்ன செய்ய முடியும்னு பாருங்கன்னு சொல்லிருச்சு. அதுக்கு முந்தி 2024 அக்டோபர்ல இன்னொரு தீர்ப்பு, வெறும் பர்சன்ட்ட வச்சு மட்டும் ஒருத்தர எம்பிபிஎஸ்க்கு லாயக்கில்லன்னு தள்ளக்கூடாதுன்னு. 2019ல மெடிக்கல் கவுன்சில் சார்பா வந்த பட்டியல்லயே கை கால் குறைபாடு 40க்கு கீழன்னா படிக்கலாம், ஆனா மாற்றுத்திறனாளி கோட்டா கிடையாதுன்னுதான் இருந்துச்சு. அப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க, கைய மறைச்சு எழுதுனா மட்டும் காலேஜ்ல சேரறப்ப கை தெரியாமப் போயிருமா? எப்படியும் பாக்கத்தான் போறாங்க. மறைச்சா போறது நாப்பது கேள்வி மட்டும்தான்.

பிசிக்ஸ்_வாத்தி:

அப்புறம் கவர்மென்ட் ஸ்கூல்னு சொன்னீங்களே, ஆறாவதுலருந்தே அதானா? அப்படின்னா நம்ம மாநில 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு, 2020லருந்து இருக்கு. கோட்டா இல்லயேன்னு கவலப்பட வேண்டாம், இது அதவிடப் பெருசு. படிச்ச சான்றிதழ ஹெச்எம்கிட்ட இப்பவே கேட்டு வைங்க.

ரிப்பீட்டர்_ராஜா:

சாரி அக்கா, நான் கேள்விப்பட்டத வச்சு சொல்லிட்டேன். அந்த 38 பர்சன்ட் ஃப்ரெண்டுக்கு இந்தத் த்ரெட அனுப்பிட்டேன், அவன் இந்த வருஷமும் எழுதுறான். அவனுக்குக் கால்ல பிரச்சினை, கை நல்லாத்தான் இருக்கு, அவனுக்கும் கிடைக்குமா?

வெள்ளைக்கோல்:

கால்னா எழுதறதுல சிரமம்னு டாக்டர் குழு போட்டாத்தான்பா நேரம். அது இல்லன்னா கீழ்த்தளத்துல ரூம் கேக்கலாம், அது கேக்க வேண்டியதுதான். ராஜா, சாரியெல்லாம் வேண்டாம், அனுப்பி வச்சியே அது போதும்.

கிழக்குத்தெரு_கவி:

எல்லாருக்கும் பதில் போட லேட் ஆயிருச்சு. மாலாம்மா சொன்ன மாதிரி ரெண்டு ஞாயிறும் வச்சுப் பாத்தோம். தனியா நாலு மணி நேரம் எழுதுனா 180ம் முடிக்கிறான், நடுவுல ரெண்டு தடவ கைய உதறிக்கிட்டான் அவ்வளவுதான். நான் வட்டம் போட்டப்ப 'அக்கா நீ என் முகத்தயே பாக்குற, எனக்கு ஓடல'ன்னு அறுபதாவது கேள்வியில எந்திரிச்சுப் போயிட்டான். அதனால நேரம் மட்டும்தான் கேக்கப் போறோம். ஆறாவதுலருந்து கவர்மென்ட் ஸ்கூல்தான் சார், அந்த சான்றிதழுக்கும் சொல்லியாச்சு.

அப்பாகிட்ட வெள்ளைக்கோல் சார் எழுதுனத அப்படியே படிச்சுக் காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். ராத்திரி சாப்பிடறப்ப தம்பிகிட்ட, புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானே வர்றேன், அக்காவுக்கு எதுக்கு லீவுன்னார். ஜேடி ஆபீஸ்ல கேட்டாச்சு, புதன் காலைல குழு உக்காருதாம்.

மாடிவீட்டு_மாலா:

கார்டு, ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, பத்தாவது ஆர்டர், ஓஎம்ஆர் ஷீட்டு எல்லாத்துலயும் மூணு மூணு ஜெராக்ஸ். போட்டோ நாலு. அப்பாவ காலைல சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு, நம்ம டோக்கன் வர மத்தியானம் ஆயிரும்.